பிறர் கேக்கின் படத்தைக் காட்டி நம் கடைக்கு ஆள் சேர்க்கலாமா?

மளிகை வியாபாரத்தில் பாதி வணிகம் மாதிரியை நம்பி நடப்பது. மிளகாய் வற்றலோ, துவரம் பருப்போ, மல்லியோ, எதுவானாலும் கைப்பிடியளவு மாதிரியைப் பார்த்துத்தான் நூறு மூட்டைக்கு விலை பேசுகிறோம். லாரி வந்து நின்றதும் நாலு மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்துப் பார்க்கிறோம். மாதிரியும் சரக்கும் ஒத்திருந்தால் பணம் போகும். ஒத்துப்போகாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். இதற்காக நம்மில் யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டியதில்லை. ஆனால் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்வதும் இதையேதான். மாதிரியைக் காட்டி விற்றால், மொத்தச் சரக்கும் அந்த மாதிரியின் தரத்தில் இருந்தாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

கைப்பேசியில் நடக்கும் இன்றைய வியாபாரத்தில் மாதிரியின் இடத்தைப் புகைப்படம் பிடித்துக்கொண்டது. வாடிக்கையாளர் கடைப்படி ஏறுவதில்லை. படத்தைப் பார்க்கிறார், விலை கேட்கிறார், முன்பணம் அனுப்புகிறார். ஆகவே மாதிரிக்கு நாம் கொடுத்துவந்த மரியாதையைப் படத்துக்கும் கொடுத்தாக வேண்டும். நடப்பு அப்படி இல்லை. யாரோ ஒரு பெண்மணி தம் வீட்டில் செய்த கேக்கின் படத்தை அவரைக் கேட்காமல் எடுத்து, கடை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவிவிட்டது. பெரிய பேக்கரிகளும் செய்கின்றன, புதிதாகத் தொடங்கிய சிறு கடைகளும் செய்கின்றன. கேக் சாமான்கள் விற்கும் நம் மளிகைக் கடைகளில் சிலவும் இதற்கு விலக்கில்லை. இதைப் பற்றி வணிகப் பெருமக்களுடன் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வீட்டுக் கேக்கும் நம் கடையும்

வீட்டிலிருந்து கேக் செய்து விற்போர் முன்பும் இருந்தார்கள். ஆனால் 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கிய பிறகுதான் அவர்கள் தெருவுக்குத் தெரு தோன்றினார்கள். பேக்கரிகள் அடைத்துக் கிடந்தன. பல வீடுகளில் சம்பளம் நின்றது. பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு வீட்டிலேயே கேக் செய்து பழகிய பெண்கள், பக்கத்து வீட்டுக்கும் செய்து கொடுத்தார்கள். அதுவே தொழிலாயிற்று. அதுவரை பேக்கரிக்காரர்களுக்குப் பெட்டிக் கணக்கில் மட்டுமே போய்க்கொண்டிருந்த கோகோ பவுடரையும், பேக்கிங் பவுடரையும், வெனிலா எசென்ஸையும் சில்லறைக் கடைகள் சிறு பொட்டலங்களாக வாங்கி அடுக்கத் தொடங்கியது அப்போதுதான். கேக் போர்டு, அட்டைப் பெட்டி, விப்பிங் கிரீம் என்று புதிய சரக்குகளும் நம் பட்டியலில் சேர்ந்தன.

இவர்கள் கடன் அதிகம் வைப்பதில்லை. ஆர்டர் வந்ததும் வாங்குவார்கள், கையோடு பணம் கொடுப்பார்கள். மைதா எந்த ஆலையுடையது, வெண்ணெய் எந்தத் தேதியுடையது என்று பார்த்து வாங்குவார்கள். ஒரு கடைக்கு இப்படிப் பத்து வாடிக்கையாளர்கள் இருந்தால் அந்தக் கடையின் அலமாரி ஒன்று அவர்களால் ஓடுகிறது என்று பொருள். அவர்கள் தொழிலுக்கு வரும் கேடு நம் கல்லாவுக்கும் வரும் கேடுதான்.

இவர்களுக்குக் கடை வாசல் கிடையாது. பெயர்ப் பலகை கிடையாது. கேக்கை அடுக்கிவைக்கக் கண்ணாடிப் பெட்டியும் கிடையாது. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடும் படங்கள்தாம் அவர்களுடைய கடை. அந்தப் படம் சும்மா கிடைப்பதில்லை. இரவெல்லாம் கண்விழித்துக் கேக்கை முடித்து, விடிந்ததும் சன்னல் வெளிச்சத்தில் வெள்ளை அட்டை விரித்து வைத்து, நம் ஊர் வெயிலில் கிரீம் இளகுவதற்குள், வாடிக்கையாளர் வந்து வாங்கிப் போவதற்குள் எடுக்க வேண்டும். கேக் அன்று மாலையே வெட்டப்பட்டுவிடும். அந்த உழைப்பில் அவர் கையில் மிஞ்சுவது அந்த ஒரு படம்தான். அடுத்த ஆர்டரைக் கொண்டுவர வேண்டியதும் அதுவே.

நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி

நம் கடையில் பல ஆண்டுகளாகச் சாமான் வாங்கும் ஒரு பெண்மணி, ஒரு மணிவிழாவுக்காக இரண்டடுக்குக் கேக் செய்தார். கோபுரமும் மாலையும் சர்க்கரைப் பசையில் கையாலேயே வடித்தது. இரண்டு நாள் வேலை. படம் எடுத்து, ஓரத்தில் தம் பெயரைச் சிறிதாகப் போட்டு வெளியிட்டார். சில வாரங்களில் அதே ஊரில் ஒரு பேக்கரி, பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு அந்தப் படத்தைத் தன் விளம்பரத்தில் போட்டது. கடை வாசல் பிளெக்ஸ் போர்டிலும் அதே படம்.

அவருக்குக் கிடைத்த முதல் செய்தி என்ன தெரியுமா? வழக்கமாக அவரிடம் வாங்கும் ஒரு வீட்டார் தொலைபேசியில், "நீங்களே செய்வதாக அல்லவா நினைத்தோம்? அந்தக் கடையில் வாங்கித்தான் விற்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்த ஆர்டரையும் திருப்பிக்கொண்டார்கள். படம் பறிகொடுத்தவரே படம் திருடியவர் போல நிற்க வேண்டியதாயிற்று. பெரிய கடையையும் தனி ஒரு பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஊர், பெரிய கடையைத்தான் நம்பும். கண்ணுக்குத் தெரியும் நட்டம் இரண்டு ஆர்டர். தெரியாமல் போன நட்டம் எவ்வளவு என்று யார் கணக்கிட முடியும்?

அவர் கடைக்குப் போய்க் கேட்டபோது, "நெட்டில் கிடந்தது, எங்கள் டிசைனர் எடுத்துப் போட்டார்" என்பது பதில். அவர் தம் கைப்பேசியில் இருந்த மூலப்படத்தையும், தேதியையும், கேக் பாதி முடிந்த நிலையில் எடுத்த வேறு நான்கு படங்களையும் காட்டிய பிறகுதான் அகற்றினார்கள். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. இதில் அந்தக் கடைக்கும் லாபம் இல்லை. படத்தைப் பார்த்து அதே கேக்கைக் கேட்டு முன்பணம் கட்டிய ஒருவருக்கு அவர்களால் அப்படிச் செய்து கொடுக்க முடியவில்லை. விழா வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தவர், மறுநாள் கடையில் வந்து சத்தம் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

சொல்லப்படும் சமாதானங்கள்

இப்படிப் படம் எடுப்போர் சொல்லும் சமாதானங்கள் பெரும்பாலும் நான்கில் அடங்கும்.

"இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படிதானே இருந்தது" என்பது முதலாவது. நாமும் கடை வாசலில் வெல்லத்தையும் வாழைத்தாரையும் எல்லோரும் பார்க்கும்படிதான் வைத்திருக்கிறோம். பார்க்க வைத்தது வாங்குவதற்காக, எடுத்துப் போவதற்காக அல்ல.

"படத்தில் பெயர் எதுவும் இல்லையே" என்பது இரண்டாவது. மூட்டையில் மார்க் இல்லை என்பதால் அது சொந்தக்காரர் இல்லாத மூட்டை ஆகிவிடாது.

"டிசைனர் செய்தது, எனக்குத் தெரியாது" என்பது மூன்றாவது. விளம்பரம் யாருடைய கடைக்கு? அதனால் வரும் வியாபாரம் யாருக்கு? கூலிக்கு வேலை செய்தவர் மீது பழியைப் போட்டுவிட்டு முதலாளி ஒதுங்க முடியாது.

"அவருக்கும் இது இலவச விளம்பரம்தானே" என்பது நான்காவது. பெயரை வெட்டிவிட்டுப் போட்ட படம் யாருக்கு விளம்பரம்? பெயரோடு போட்டாலும்கூட, வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் அவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்பு. படம் எடுத்தவரே அதன் ஆக்கியோன். எடுத்த அந்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. கைப்பேசியில் எடுத்தாலும் உரிமை உரிமைதான். படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்குச் சட்டம் சில சலுகைகள் தருகிறது. கடை விளம்பரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அனுமதியின்றிப் பயன்படுத்துவோர் மீது தடையாணையும் நட்ட ஈடும் கேட்டு வழக்குத் தொடரலாம். எதிராளி வெளியூர்க்காரராக இருந்தாலும், உரிமையாளர் தாம் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62ஆவது பிரிவு வழி செய்கிறது. தெரிந்தே செய்தால் 63ஆவது பிரிவின்படி குற்ற வழக்கும் உண்டு. தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடை விளம்பரத்தில் போட்டவர் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பெயரை வெட்டுவது தனிக் குற்றமாகலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு, படைப்பில் உள்ள உரிமையாளர் பெயர் முதலிய உரிமைக் குறிப்புகளைத் தெரிந்தே அகற்றுவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

வாங்குவோர் பக்கத்திலும் சட்டம் இருக்கிறது. செய்யாத பண்டத்தைச் செய்ததாகக் காட்டுவது தவறான விளம்பரம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய விளம்பரத்துக்காக உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 53ஆவது பிரிவும், உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு சிறு கடை அத்தனை தூரம் போகாமலே சிக்கல் வரும். வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தில் ஒரு மனுப் போட்டால் போதும், கடையைவிட்டு அலைய வேண்டியது நாம்தான்.

யாரிடம் அனுமதி கேட்பது?

இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. கேக் செய்தவரே படமும் எடுத்தால் அவரிடம் கேட்க வேண்டும். கேக்கை வாங்கிப் போனவர் தம் வீட்டு விழாவில் எடுத்த படமானால் உரிமை அவருடையது. கேக் செய்தவரே ஆனாலும் அதை விளம்பரத்தில் போடுமுன் அவரைக் கேட்க வேண்டும். கூலி கொடுத்துப் புகைப்படக்காரரை வைத்து எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தம் வேலையாக எடுத்ததும் அதுபோலவே முதலாளியைச் சேரும். படத்தில் குழந்தையின் முகமோ பெயரோ இருந்தால், சட்டம் ஒருபுறமிருக்க, பெற்றோரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் கேக்கின் மீது ரோஜா வைத்தார் என்பதற்காக வேறு யாரும் ரோஜா வைக்கக்கூடாது என்று இல்லை. யோசனை பொதுவானது. நீங்களும் அதுபோல ஒன்றைச் செய்து, அதை நீங்களே படமெடுத்துப் போடுங்கள். அவர் கையால் செய்ததை அவர் எடுத்த படத்தை எடுத்து உங்களுடையது என்று காட்டுவதுதான் தவறு.

வீட்டில் கேக் செய்வோருக்கும் இது பொருந்தும். வெளிநாட்டுக் கேக் படங்களை எடுத்து, "இதுபோல் செய்து தரப்படும்" என்று போடுவோர் அவர்களிலும் இருக்கிறார்கள். பெர்ன் உடன்படிக்கையில் நம் நாடும் ஓர் உறுப்பினர். ஆகவே வெளிநாட்டார் படத்துக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. தம் படத்தைக் காக்கக் கேட்பவர் பிறர் படத்தையும் தொடாமல் இருக்க வேண்டும்.

இப்போது கேட்ட படத்தைக் கணினியே வரைந்து தருகிறது. அதில் தனி ஒருவரின் படத்தை எடுத்த குற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யாரும் செய்யாத கேக்கைக் காட்டி ஆர்டர் பிடிப்பது, இல்லாத மூட்டைக்கு மாதிரி காட்டுவது போன்றதே.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியவை

1. கூடுமானவரை நம் சரக்கை நாமே படம் எடுப்போம். சன்னல் ஓரம், காலை வெளிச்சம், ஒரு வெள்ளை அட்டை, கைப்பேசி போதும். படம் சுமாராக இருந்தாலும், வரும் சரக்கு அதுபோலவே இருந்தால் வாடிக்கையாளர் மறுமுறையும் வருவார்.

2. பிறர் படம் வேண்டுமானால் எழுத்தில் கேட்போம். எந்தப் படம், எதற்கு, எத்தனை நாள், பெயர் எப்படிப் போடப்படும், பணம் எவ்வளவு என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அழிக்காமல் வைத்திருப்போம். பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள் அல்ல.

3. பிளெக்ஸ் அச்சிடுவோரிடமும் டிசைனரிடமும் ஆர்டர் கொடுக்கும்போதே, "படம் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்போம். விடை சொல்ல முடியாத படத்தை மாற்றச் சொல்வோம்.

4. நம்மிடம் சாமான் வாங்குவோரின் கேக் படத்தைக் கடையில் மாட்ட விரும்பினால், அவர் பெயரோடு மாட்டுவோம். சம்மதித்தவருக்குப் பணமாகவோ சரக்கில் தள்ளுபடியாகவோ ஏதேனும் கொடுப்போம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள். கேட்காமல் எடுப்பதுதான் அவர்களைப் புண்படுத்துகிறது.

5. "இந்தப் படம் என்னுடையது" என்று யாரேனும் வந்தால் கல்லாவில் நின்று வாதாட வேண்டாம். முதலில் படத்தை இறக்குவோம். பிறகு விசாரித்து, உண்மையானால் வருத்தம் தெரிவித்து, நியாயமான தொகையைக் கொடுத்து முடிப்போம். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு ஆகும் செலவைவிட இது குறைவு.

வீட்டில் செய்வோருக்கு நாம் சொல்லக்கூடியவை

இவர்கள் நம்மிடம்தான் வந்து நிற்கிறார்கள். சாமான் கட்டும்போதே இதையும் சொல்லலாம். மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கேக் பாதி முடிந்த நிலையிலும் ஓரிரு படம் எடுத்துவைப்பது நல்ல சாட்சி. பெயரை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். கேக்கின் மீதே படும்படி மெல்லியதாகப் போடுவது நல்லது. படம் களவு போனது தெரிந்தால் கோபத்தில் உடனே எழுதிவிடாமல், முதலில் அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்துவைக்க வேண்டும். பிறகு கடைக்கு எழுத்தில் கேட்க வேண்டும். அவர்கள் இறக்காவிட்டால், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவற்றில் பதிப்புரிமைப் புகார் செய்யத் தனிப் படிவமே இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண்ணும் வாங்கிவைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து விற்றாலும் இந்தப் பதிவு தேவை. பதிவில்லாமல் இருந்துவிட்டு நியாயம் கேட்கப் போனால், "உன் லைசென்ஸ் எங்கே?" என்று எதிராளி வாயை அடைத்துவிடுவார்.

சங்கம் செய்யக்கூடியது

லேபிள் தகராறு, எடைத் தகராறு, வராத பாக்கி என்று எத்தனையோ வழக்குகளை நம் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்துவைத்திருக்கின்றன. நம் பிராண்டின் லேபிளைப் போல ஒருவன் அச்சடித்துவிட்டால் நாம் எப்படிக் கொதிக்கிறோம்! அந்தப் பெண்மணியின் கேக் படம்தான் அவருடைய லேபிள். அவர் நம் சங்கத்தின் உறுப்பினர் அல்லர், சந்தா கட்டுவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் அவர் புகார் நம் உறுப்பினர் ஒருவர் மீது என்றால், சங்கம் அவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இருபுறமும் விசாரித்து, படத்தை இறக்கச் சொல்லி, ஒரு தொகை பேசி முடித்துவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். மாவட்டந்தோறும் சங்க நிர்வாகிகள் இதைச் செயற்குழுவில் வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வணிகனுக்கு வள்ளுவர் அறம் சொன்னது நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில். பிறர் பொருளையும் தன் பொருள்போலவே பேணுவதுதான் வாணிகம் என்பது அதன் கருத்து. பொருள் என்றால் மூட்டையும் பெட்டியும் மட்டுமல்ல. ஒருவர் இரவெல்லாம் விழித்துச் செய்து, விடிந்ததும் எடுத்துவைத்த படமும் பொருள்தான். வரும் பண்டிகைக்கு விளம்பரம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வணிகரும் அதில் உள்ள படங்களை ஒருமுறை பார்க்கட்டும். நம்முடையது அல்லாத படம் இருந்தால் எடுத்துவிடுவோம். வேண்டுமென்றால் உரியவரைக் கேட்டுப் போடுவோம்.